தைப்பூச விரதத்தில் 48 நாள் சிகரெட்டை விட முடிந்தது. இப்போது 11 நாளிலேயே ஏன் இந்தப் பாடு?

யீசூன் ஓட்டுநர் (கேள்வி)

வணக்கம். வயது 46. சிங்கப்பூரில் பேருந்து ஓட்டுகிறேன். தேசிய சேவை முகாமில் 19 வயதில் பிடித்த பழக்கம், 27 ஆண்டுகள் ஓடிவிட்டன. நாளொன்றுக்கு ஒரு பெட்டி. என் பெட்டி இப்போது 15 வெள்ளிக்கு (சிங்கப்பூர் டாலர்) மேல். மாதக் கணக்கை நான் போட்டுப் பார்ப்பதில்லை, வீட்டில் வேறொருவர் போட்டு வைத்திருக்கிறார்.

விட்டதற்குப் பெரிய காரணம் எதுவும் இல்லை. ரத்த அழுத்தத்துக்காகப் பலதுறை மருந்தகம் (பாலிகிளினிக்) போயிருந்தேன். தாதி வழக்கமான கேள்விகளைக் கேட்டுக்கொண்டே வந்தார். "காலையில் எழுந்து எவ்வளவு நேரம் கழித்து முதல் சிகரெட்?" என்றார். "பல் துலக்குவதற்கு முன்னால்" என்றேன். அதுவரை கணினியையே பார்த்துத் தட்டிக்கொண்டிருந்தவர் நிமிர்ந்து என் முகத்தைப் பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை. அந்தப் பார்வை எனக்குப் பிடிக்கவில்லை. மறுநாள் காலையிலிருந்து நிறுத்திவிட்டேன். இன்றோடு 11 நாள்.

முதல் மூன்று நாள் எப்படிப் போனது என்று எழுதப் போவதில்லை. இங்கே இருப்பவர்களுக்குத் தெரியும். என் சந்தேகம் வேறு.

பல ஆண்டுகளாகத் தைப்பூசத்துக்குப் பால்குடம் எடுக்கிறேன். 48 நாள் விரதம். காலையில் பால், மதியம் ஒரு வேளைச் சைவச் சாப்பாடு, இரவில் பழம், தரையில் படுக்கை. அந்த 48 நாளும் சிகரெட்டைத் தொட்டதில்லை. முதல் சில நாள் எரிச்சல் இருக்கும், அவ்வளவுதான். சிராங்கூன் சாலைப் பெருமாள் கோயிலிலிருந்து டேங்க் ரோடு தண்டாயுதபாணி கோயில் வரை நடந்து, பாலை இறக்கி, வெளியே வந்து, ஈர வேட்டியை மாற்றியதும் முதல் வேலையாக ஒன்றைப் பற்ற வைப்பேன். இந்த ஆண்டும் அப்படித்தான். முருகன் என்ன நினைத்தாரோ.

48 நாள் விட முடிந்தவனுக்கு இந்த 11 நாள் ஏன் இப்படி இருக்கிறது? நெஞ்சு படபடவென்று அடிக்கிறது. ஸ்டியரிங்கைப் பிடித்த கை லேசாக நடுங்குகிறது. இரவு இரண்டு மணிவரை விழித்துக் கிடக்கிறேன், முதல் வண்டி எடுக்கும் வாரமென்றால் நான்கு மணிக்கு எழ வேண்டும். வாயில் புண். காலைக்கடன் நான்கு நாளுக்கு ஒருமுறை என்றாகிவிட்டது. (சிரிக்க வேண்டாம். 27 ஆண்டுகளாக அந்த வேலைக்குச் சிகரெட்தான் சாவி.) எட்டாம் நாள் இரவு, சோற்றில் உப்பு குறைவு என்று நான் போட்ட சத்தத்தில், இருபது ஆண்டுகளாக விடு விடு என்று சொல்லிக்கொண்டிருந்த என் மனைவியே, "போய் ஒன்று குடித்துவிட்டாவது வாருங்கள்" என்றாள்.

எல்லாவற்றையும் விடக் கடினமானது இடைவேளை. ஒரு சுற்று முடித்து அடுத்த சுற்று எடுக்கப் பத்துப் பன்னிரண்டு நிமிடம் கிடைக்கும். பேருந்து நிலையத்துக்குள் புகைக்கக் கூடாது. கூரை முடிந்து ஐந்து மீட்டருக்கு அப்பால், மழை மரத்தடியில், மேலே சாம்பல் தட்டு வைத்த ஒரு குப்பைத் தொட்டி இருக்கிறது. அங்கேதான் நானும் அபாங்கும் நிற்போம். அவர் மலாய்க்காரர், 62 வயது, இன்னும் ஓட்டுகிறார். பதினோரு ஆண்டுகளாக அந்தத் தொட்டியின் இரு பக்கத்தில் இருவரும். அவருடைய மகள் திருமணம், என் அப்பாவின் மரணம், அவர் வீட்டுப் பூனைக்கு வந்த சிறுநீரகக் கோளாறு, புதிய கால அட்டவணை எல்லாம் அந்தத் தொட்டிக்குத் தெரியும். வேலை நேரத்தில் நான் வாய் திறந்து பேசும் ஒரே மனிதர் அவர். பயணிகளிடம் பேசுவதெல்லாம் பேச்சா?

இந்த 11 நாளாக அங்கே போகவில்லை. ஓய்வறைக்குப் போய்க் கோப்பி ஓ (பால் சேர்க்காத கோப்பி) வாங்கிக்கொண்டு உட்கார்ந்துவிடுகிறேன். ஒவ்வோர் இடைவேளைக்கும் ஒரு கோப்பி. வாயில் ஏதாவது போக வேண்டுமே. கண்ணாடி வழியாகப் பார்த்தால் அபாங் அங்கே தனியாக நிற்பது தெரிகிறது. போய் நின்றால் பற்ற வைத்துவிடுவேன். போகாவிட்டால் அவர் என்ன நினைப்பார்?

தயவுசெய்து "நிறையத் தண்ணீர் குடியுங்கள்" என்று மட்டும் எழுத வேண்டாம்.

நம்பிக்கை நாயகன்

வாழ்த்துகள் அண்ணா! மனம் இருந்தால் மார்க்கம் உண்டு. ஆசை வரும்போதெல்லாம் ஒரு பெரிய குவளை தண்ணீர் குடியுங்கள். எனக்கு உதவியது.

யீசூன் ஓட்டுநர்

நன்றி தம்பி. எழுபது நிமிடம் ஓடும் தடத்தில், நடுவில் எங்கும் இறங்க முடியாத ஓட்டுநர் ஒரு பெரிய குவளை தண்ணீர் குடித்தால் என்ன ஆகும் என்று யோசித்தீர்களா?

வெள்ளை மேலங்கி

நான் மருந்தாளர். உங்கள் பதிவை இரண்டு முறை படித்தேன். விடை அதற்குள்ளேயே இருக்கிறது, நீங்களே எழுதிவிட்டீர்கள்: விரதத்தில் "காலையில் பால்". இப்போது "ஒவ்வோர் இடைவேளைக்கும் ஒரு கோப்பி". அண்ணா, ஒரு நாளைக்கு எத்தனை கோப்பி ஓ?

ஆறு என்று வைத்துக்கொள்கிறேன். கோப்பியில் உள்ள காஃபீனைக் கல்லீரலில் சிஒய்பி1ஏ2 என்ற நொதிதான் உடைத்து வெளியேற்றுகிறது. சிகரெட் புகையில் இருக்கும் சில சேர்மங்கள் இந்த நொதியை முடுக்கிவிடுகின்றன. அதனால் புகைப்பவர்களின் உடலில் காஃபீன் மற்றவர்களைக் காட்டிலும் ஏறக்குறைய இரு மடங்கு வேகத்தில் கரைந்துபோகும். நீங்கள் 27 ஆண்டுகளாகக் குடித்த ஒவ்வொரு கோப்பியும் உங்களுக்குப் பாதிக் கோப்பிதான். சிகரெட்டை நிறுத்திய சில நாள்களில் நொதி பழைய நிலைக்கு இறங்கிவிடும். அதே கோப்பி இப்போது முழுக் கோப்பி. அது போதாதென்று சிகரெட் போன இடத்திலெல்லாம் கூடுதலாக ஒன்று வைத்திருக்கிறீர்கள். படபடப்பு, கை நடுக்கம், தூக்கமின்மை, எரிச்சல் எல்லாம் நிக்கோட்டின் இல்லாததால் வருபவை என்று நினைத்துக்கொண்டிருக்கிறீர்கள். ஒரு பங்கு அப்படித்தான். மற்றொரு பங்கு உங்கள் கோப்பிக் கலயத்திலிருந்து வருகிறது. விரத நாள்களில் கோப்பி இல்லை, அந்தப் பங்கும் இல்லை.

ஒரே நாளில் கோப்பியையும் வெட்டிவிட வேண்டாம். தலைவலி வேறு சேர்ந்துகொள்ளும். இரண்டு மூன்று நாளில் பாதியாக்குங்கள். காலையில் ஒன்று, அதுவும் கோப்பி போ (தண்ணீர் கூட்டி நீர்த்தது). மதியத்துக்கு மேல் வேண்டாம். ஆனால் ரத்த அழுத்தம் உள்ளவர் நீங்கள். நெஞ்சு அடிப்பதைக் கோப்பி என்று இணையத்தில் ஒருத்தி சொன்னாள் என்று விட்டுவிடக் கூடாது. இந்த வாரமே மருத்துவரைப் பாருங்கள். நெஞ்சு வலி, மூச்சுத் திணறல் என்றால் வாரம் வரை காத்திருக்க வேண்டாம், உடனே மருத்துவமனைக்குப் போங்கள்.

வாய்ப்புண்ணும் மலச்சிக்கலும் புகையை விட்டவர்கள் பலருக்கு வருபவை. நிக்கோட்டின் குடலைத் தூண்டிக்கொண்டிருந்தது, தூண்டுதல் நின்றதும் குடல் சோம்பிவிட்டது. பப்பாளி, கீரை, கொண்டைக்கடலை. தண்ணீர் என்று எழுத எனக்கும் பயமாகத்தான் இருக்கிறது. வேலை முடிந்தபின் குடியுங்கள்.

இடைவேளைக்கு வருகிறேன். நிக்கோட்டின் உடலிலிருந்து எப்போதோ போய்விட்டது. ரத்தத்தில் அதன் அளவு இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை பாதியாகக் குறையும். 11 நாள் கழித்தும் தவிப்பது, அந்த மரத்தடியையும் அந்தப் பத்து நிமிடத்தையும் நிக்கோட்டினோடு சேர்த்துப் பழகிய மூளை. ஒவ்வொரு தவிப்பும் சில நிமிடங்களில் உச்சிக்கு ஏறித் தானாக இறங்கிவிடும். உங்கள் சிக்கல், அந்தச் சில நிமிடமும் உங்கள் இடைவேளையும் ஏறக்குறைய ஒரே நீளம்.

நிக்கோட்டின் கம் வைத்துக்கொள்ளலாம். இந்த ஊரில் 1992 முதல் சூயிங் கம் விற்கத் தடை. 2004 முதல் மருந்தாகப் பயன்படும் வகையை மட்டும் மருந்தாளரிடம் பெயர் கொடுத்து வாங்கலாம். விழித்த அரை மணி நேரத்துக்குள் முதல் சிகரெட் பிடிப்பவர்களுக்கு வழக்கமாக 4 மில்லிகிராம். 11 நாளைக் கடந்துவிட்ட உங்களுக்கு 2 போதுமா என்று நேரில் பேசி முடிவு செய்ய வேண்டும். ஒன்றை மட்டும் இங்கேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் பத்தில் ஒன்பது பேர் இதைத் தவறாகச் செய்துவிட்டு "கம் வேலை செய்யவில்லை, விக்கல்தான் வருகிறது" என்று திரும்பி வருகிறார்கள். மிட்டாய்போல் மெல்லக் கூடாது. மெதுவாக நாலைந்து முறை கடியுங்கள். மிளகு கடித்ததுபோல் சுருக்கென்றதும் நிறுத்தி, கன்னத்துக்கும் ஈறுக்கும் நடுவில் ஒதுக்கி வையுங்கள். சுருக்கு அடங்கியதும் மறுபடி கடித்து, இடம் மாற்றி ஒதுக்குங்கள். அரை மணி நேரம் வரும். மருந்து வாயின் உட்தோல் வழியாக ஏற வேண்டும், வயிற்றுக்குப் போனால் வீண். கோப்பி குடித்துக் கால் மணி நேரம் ஆகாமல் கம்மை வாயில் போடவும் கூடாது. வாயில் புளிப்பு இருந்தால் மருந்து சரியாக ஏறாது.

புகையை விட உதவும் தொலைபேசிச் சேவை, சுகாதார மேம்பாட்டு வாரியத்தின் குவிட்லைன் 1800 438 2000. அழையுங்கள், தொடர்ந்து விசாரிக்க ஆள் இருப்பது பெரிய உதவி.

வாரயிறுதி ஜேபி

இதற்கெல்லாம் எதற்கு இவ்வளவு பாடு? மின்சிகரெட்டுக்கு மாறினால் ஒரே வாரத்தில் சிகரெட் மறந்துவிடும். பாலம் தாண்டி மலேசியா போனால் கிடைக்கிறது.

வெள்ளை மேலங்கி

பாலம் தாண்டிக் கிடைப்பதை இங்கே கொண்டுவந்தால் குற்றம். 2018 பிப்ரவரி முதல் வைத்திருப்பதே குற்றம். 2025 செப்டம்பர் 1 முதல் பெரியவர்களுக்கு முதல் முறையே 700 வெள்ளி அபராதம், அடுத்த முறை மறுவாழ்வுத் திட்டம், மூன்றாம் முறை நீதிமன்றம். பேருந்து ஓட்டிப் பிழைக்கும் மனிதரிடம் சொல்லும் யோசனையா இது? சிலவற்றில் எட்டோமிடேட் என்ற மயக்க மருந்தும் கலந்து வருகிறது. அதை இழுத்துவிட்டு ஸ்டியரிங் பிடிப்பதை நினைத்துப் பாருங்கள்.

மைலோ டின்

கேள்வி கேட்டவருக்கு அல்ல, அவர் மனைவிக்கு எழுதுகிறேன். அக்கா, என் கணவர் விட்டு மூன்று ஆண்டு. முதல் மாதம் எங்கள் வீட்டில் சோற்றில் உப்பும் சரியில்லை, காற்றாடியின் வேகமும் சரியில்லை, என் அம்மா தொலைபேசியில் அழைக்கும் நேரமும் சரியில்லை. நானும் ஒரு நாள் "போய்க் குடித்துத் தொலையுங்கள்" என்று சொல்லியிருக்கிறேன். அவர் போகவில்லை. மின்தூக்கிவரை போய்த் திரும்பி வந்தார். அன்றிலிருந்து சண்டை வரும்போல இருந்தால் அவரைக் கீழே கடைக்கு அனுப்பிவிடுவேன், ஒரு கட்டு கொத்தமல்லிக்கு. அந்த மாதம் எங்கள் வீட்டுக் கொத்தமல்லி பக்கத்து வீட்டுக்கெல்லாம் போனது.

தினமும் ஒரு பெட்டிப் பணத்தை மைலோ டின்னில் போடச் சொன்னேன். வங்கியில் போட்டால் தெரியாது, டின்னில் போட்டால் மூடி திறக்கும்போதெல்லாம் தெரியும். மாதம் 450 வெள்ளிக்கு மேல் சேர்ந்தது. அந்தப் பணத்தில் என்ன வாங்கினோம் என்று கேட்காதீர்கள், அதற்கும் ஒரு சண்டை இருக்கிறது.

பின்சந்துச் சமையல்காரர்

தேக்காவில் (லிட்டில் இந்தியா) சமையல் வேலை, 30 ஆண்டு. விட்டு ஆறு ஆண்டு ஆகிறது. அதற்கு முன் நான்கு முறை விட்டுப் பிடித்தேன், அதில் இரண்டு விரதத்தால் விட்டவை. அதனால் உங்கள் முதல் கேள்விக்கு நான் பதில் சொல்லலாம் என்று நினைக்கிறேன்.

விரதத்தில் நீங்கள் சிகரெட்டை விட்டிருந்தீர்களா? எனக்கென்னவோ தைப்பூசத்துக்குத் தள்ளி வைத்திருந்ததாகத்தான் படுகிறது. நானும் அப்படித்தான் இருந்தேன். நாள்காட்டியில் ஒரு தேதி இருக்கும், மனம் அந்தத் தேதியைக் கட்டிக்கொண்டு பேசாமல் படுத்திருக்கும். இப்போது தேதி இல்லை. அது எழுந்து கேட்கிறது, "எப்போது?" என்று. "இனி இல்லை" என்று சொன்னால் அதற்குப் பைத்தியம் பிடிக்கிறது. நான் கடைசி முறை விட்டபோது "இனி இல்லை" என்று சொல்லவே இல்லை. "இந்த மாலை வியாபாரம் முடியட்டும்" என்பேன். வியாபாரம் முடிந்ததும் "பாத்திரம் கழுவட்டும்". பிறகு கடைசி ரயில். இப்படியே ஏமாற்றினேன். வெட்கமில்லை.

இன்னொன்று. விரதம் என்றால் ஊரே உங்களுக்குக் காவல். கழுத்தில் மாலையோடு நிற்பவனிடம் யார் சிகரெட் நீட்டுவார்கள்? நாமே கோப்பிக் கடைப் பக்கம் போக மாட்டோம், திருமண விருந்துக்குப் போக மாட்டோம். இப்போது உங்கள் கழுத்தில் மாலை இல்லை. யாருக்கும் தெரியாது. பதினோரு ஆண்டு கூட நின்ற அபாங்கிடம்கூட நீங்கள் சொல்லவில்லை, கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டிருக்கிறீர்கள். ஏன்? தோற்றுவிட்டால் அவருக்குத் தெரிந்துவிடும் என்ற பயம் என்றுதான் நான் நினைக்கிறேன். எனக்கும் அதே பயம் இருந்தது, நான்கு முறையும் யாரிடமும் சொல்லாமல் விட்டேன், யாருக்கும் தெரியாமல் பிடித்தேன். வசதியாக இருந்தது.

என் பின்சந்தில் மூன்று பேர் நிற்போம். சொன்னபோது ஒருவன் சிரித்தான், ஒருவன் பெட்டியைப் பைக்குள் வைத்தான். அவ்வளவுதான் நடந்தது. கைக்கு வேலை வேண்டுமே என்று சின்ன வெங்காயத் தட்டை எடுத்துக்கொண்டு சந்தில் உட்கார்ந்து உரிப்பேன். பேச்சும் நடக்கும், மறுநாள் சாம்பாருக்கும் ஆகும். முதலாளிக்கு என்மேல் அப்போது வந்த மரியாதை இன்னும் போகவில்லை.

மூன்றாம் முறை விட்டு ஐந்து மாதம் இருந்தேன். ஒரு சாவு வீட்டில், புளோக்கின் கீழ்த்தளத்தில் கொட்டகை போட்டிருந்தார்கள், யாரோ நீட்டினார்கள், வாங்கி இரண்டு குடித்தேன். அதோடு விட்டிருக்கலாம். "எல்லாம் போயிற்று" என்று மறுநாள் முழுப் பெட்டி வாங்கினேன். ஓர் ஆண்டு போயிற்று. அந்த இரண்டு என்னைக் கெடுக்கவில்லை, மறுநாள் பெட்டிதான் கெடுத்தது. உங்களுக்கு அப்படி ஒன்று நேர்ந்தால் இதை நினைத்துக்கொள்ளுங்கள்.

ஒரு கேள்வி. உங்கள் அபாங் நோன்பு மாதத்தில் பகலில் என்ன செய்வார்?

யீசூன் ஓட்டுநர்

14ஆம் நாள். முதலில் மருந்தாளர் தங்கைக்கு: ஆறு இல்லை, ஏழு. எழுதும்போதே கை கூசியது. இப்போது காலையில் ஒரு கோப்பி போ மட்டும். இரண்டாம் இரவே பதினொரு மணிக்குத் தூங்கிவிட்டேன், மனைவி மூக்கருகே கை வைத்துப் பார்த்தாளாம். பலதுறை மருந்தகத்தில் இதயத் துடிப்பைப் பதிவு செய்து பார்த்தார்கள், கோளாறு இல்லை. அதே தாதி. 14 நாள் என்றதும் மறுபடி நிமிர்ந்து பார்த்தார். இந்த முறை பார்வை பரவாயில்லை.

கம் வாங்கப் போன இடத்தில் அடையாள அட்டையைக் கேட்டுப் பெயரை எழுதிக்கொண்டார்கள். கீழ்வீட்டு மாமாக் கடையில் 27 ஆண்டுகளாக நஞ்சு வாங்கினேன், ஒருவரும் பெயர் கேட்கவில்லை. 2017 ஆகஸ்டிலிருந்து பெட்டிகளை வெளியே வைக்கக் கூடாது என்றாகிவிட்டது. ஆனாலும் நான் நடந்து வருவதைப் பார்த்தாலே அந்த அம்மா அலமாரிக் கதவை இழுத்து, சாணிப் பழுப்புப் பெட்டி ஒன்றைக் கையில் எடுத்து வைத்திருப்பார். இப்போது அந்தப் பக்கம் போகாமல் வாகன நிறுத்துமிடத்தைச் சுற்றி வீட்டுக்குப் போகிறேன். நூற்றைம்பது அடி கூடுதல்.

சமையல்கார அண்ணாவின் கேள்வி என்னைத் தூங்கவிடவில்லை. (கோப்பியால் அல்ல.) நோன்பு மாதத்தில் அபாங் பகலில் சிகரெட் குடிக்க மாட்டார், அது தெரியும். ஆனால் அந்த மாதம் முழுவதும் இடைவேளையில் அவர் எங்கே இருப்பார்? எவ்வளவு யோசித்தும் எனக்கு நினைவில்லை. நான் மரத்தடியில் தனியாகக் குடித்துக்கொண்டிருந்திருப்பேன்.

நேற்று நேராகப் போய்க் கேட்டுவிட்டேன். விட்டுவிட்டேன் என்பதையும் சொன்னேன். அவர் சாம்பலைத் தட்டிவிட்டுச் சொன்னார்: "நோன்பு மாதத்தில் நான் அந்தக் கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருப்பேன், மிதிவண்டி நிறுத்தும் இடத்துக்குப் பக்கத்தில். உனக்குத் தெரியாதா? பதினோரு நோன்பு." அவருக்குக் கோபம் இல்லை. அதுதான் கஷ்டமாக இருந்தது.

பின்சந்துச் சமையல்காரர்

பெஞ்சு எங்கே இருக்கிறது என்று தெரிந்துவிட்டது. போய் உட்காருங்கள்.

யீசூன் ஓட்டுநர்

31ஆம் நாள். கேட்டவர்களுக்காக எழுதுகிறேன்.

22ஆம் நாள் ஜோகூரில் உறவினர் திருமணம். மாமன் மகன் பற்ற வைத்ததை வாங்கி இரண்டு இழுப்பு இழுத்தேன். தலை சுற்றியது, வாயில் ஈரத் துணி எரிந்த வாடை. திருப்பிக் கொடுத்துவிட்டேன். மறுநாள் பெட்டி வாங்கவில்லை. சாவு வீட்டுக் கதையை எழுதிய அண்ணாவுக்கு நன்றி. எடை மூன்று கிலோ ஏறியிருக்கிறது, சீருடைக் கால்சட்டையின் கொக்கி முனகுகிறது. காலைக்கடன் தினமும். அதற்கு மேல் விவரம் தேவையில்லை.

கம் ஒரு நாளைக்கு நான்கு, இந்த வாரம் இரண்டு. கைக்குக் கச்சாங் பூத்தே. வாராவாரம் தேக்காவிலிருந்து வறுத்த கொண்டைக்கடலையும் பட்டாணியும் வாங்கி வந்து, செய்தித்தாளைக் கூம்பாகச் சுற்றி, பையில் வைத்துக்கொள்கிறேன். ஒவ்வொன்றாகப் பொறுக்கித் தின்றால் பத்து நிமிடம் சரியாக வரும். அபாங் முதல் நாள் சிரித்தார். இப்போது பட்டாணியை மட்டும் பொறுக்கி எடுத்துவிட்டுக் கடலையை எனக்கு விட்டுவிடுகிறார். இதைப் பற்றி அவரிடம் பேச வேண்டும்.

அவர் இன்னும் குடிக்கிறார். விடச் சொல்லி நான் கேட்கவில்லை, அவரும் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. இடைவேளையின் முதல் நான்கு நிமிடம் அவருக்கும் தொட்டிக்கும், மீதி எட்டு நிமிடம் பெஞ்சில் என்னோடு. வந்து உட்காரும்போது சட்டையில் புகை வாசனை வரும். காலைச் சுற்றுகளில் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்துகொள்கிறேன். மாலைக் கடைசிச் சுற்றுக்கு முன்னால், உண்மையைச் சொன்னால், கொஞ்சம் நெருங்கி.